புது எக்ஸ்பேன்ஷன் வந்தா நம்ம கேங் உடையாம இருக்க என்ன பண்ணனும்

எங்கப்பா காலத்துல தோட்டத்துல காலைல பெரட்டு இருக்கும். விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் களத்துல வந்து நிப்பாங்க, மண்டோர் (வேலைய மேய்க்கற கங்காணி) பேரு கூப்பிடுவாரு, யாரு வந்தாங்க யாரு வரலன்னு அங்கயே தெரிஞ்சிடும். எங்க வாட்சப் குரூப்புக்கும் அதான் பேரு, பெரட்டு. மொத்தம் ஏழு பேரு, எல்லாரும் மலேசியால சிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை பசங்க (இப்ப பெஸ்தாரி ஜெயா, ஆனா எங்க வீட்டுல யாரு வாயிலயும் அந்த பேரு வராது). ஒருத்தன் பாமாயில் மில்லுல சிஃப்ட், ஒருத்தன் லோரி ஓட்டறான், ஒருத்தன் சிங்கப்பூர், ஒருத்தன் இன்னும் தோட்டத்து வீட்டுலயே அம்மா கூட இருக்கான், நான் உட்பட மத்தவங்க ஷா ஆலம் ரவாங்னு சிதறிட்டோம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவிர நேர்ல பாக்கறது இல்ல, ஆனா வெள்ளிக்கெழம ராத்திரி 10.30 ஆனா எல்லாரும் கேம்ல ஏறிடுவோம்.

ஒரே ஒரு எக்ஸ்பேன்ஷன் (இருக்கற கேமுக்கு மேல காசு குடுத்து வாங்கற புது பாகம்), ஏழு பேரு நாலு பேரானோம். கேம் பேரு இங்க வேணாம். ட்ரைலர் பாத்த அன்னிக்கே நாலு பேரு வாங்கிட்டோம், அதுல நானும் ஒருத்தன். அந்த வெள்ளிக்கெழம மில்லுக்காரன் லாபில ஏறறான், வெளிய தள்ளுது, மறுபடி ஏறறான், மறுபடி தள்ளுது, செவப்பு எழுத்துல ஒரு வரி வருது அவ்ளோதான். "டேய் வாங்கிட்டு வாடா"ன்னு ஒருத்தன் மைக்ல சிரிச்சிக்கிட்டே சொன்னான். "ஓகே ஓகே நீங்க வெளாடுங்க, எனக்கு காலைல வேல"ன்னு போய்ட்டான். அடுத்த வாரம் ஓடி (ஓவர்டைம்) மச்சான்னு மெசேஜ். அதுக்கடுத்த வாரம் மெசேஜும் இல்ல. நான் ஊருக்கு போனப்ப மாமாக் கடைல (சாப்பாட்டுக் கடை) அவன பாத்தேன், ஒத்தையா உக்காந்து தே ஓ (பால் இல்லாத டீ) குடிச்சிக்கிட்டு ஹேன்ட்போன்ல எங்க பழைய ஸ்க்ரீன்ஷாட்ட ஒவ்வொன்னா தள்ளிப் பாத்துக்கிட்டு இருக்கான். ஓடியும் இல்ல ஒன்னும் இல்ல. மகளுக்கு ஸ்கூல் பஸ் காசு, யூனிபார்ம், சப்பாத்து எல்லாம் அந்த மாசம்தான் வந்து நின்னுச்சு.

அதுலேர்ந்து நாங்க கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதறேன். உங்க கேங்குக்கும் உதவும்.

மொதல்ல தனியா கேளுங்க, குரூப்ல கேக்காதீங்க

இதுதான் பெரிய விஷயம், செட்டிங்ஸ் எல்லாம் அப்புறம். காசு இல்லன்னு எந்த ஆம்பளையும் ஏழு பேரு இருக்கற குரூப்ல சொல்ல மாட்டான். வேலன்னு சொல்லுவான், வைஃபுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுவான், கேமே போரடிக்குதுன்னு கூட சொல்லுவான். அதனால எக்ஸ்பேன்ஷன் அறிவிப்பு வந்த ஒடனே குரூப்ல "யாரெல்லாம் வாங்கறீங்க"ன்னு ஓட்டெடுப்பு போடாதீங்க, அது கேள்வி இல்ல, மிரட்டல். யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தனுக்கும் தனியா கால் பண்ணி மூணே மூணு கேளுங்க: இந்த மாசம் வாங்க முடியுமா, உன் பிசி தாங்குமா, உன் லைன்ல இத டவுன்லோட் பண்ண எத்தன நாளு ஆகும். மூணாவது கேள்விய மறந்துடறாங்க எல்லாரும். ஷா ஆலம்ல ஃபைபர் வெச்சிருக்கறவனுக்கு 40 ஜிபி ஒரு தே தாரிக் நேரம், தோட்டத்து வீட்டுல ஹாட்ஸ்பாட் போட்டு வெளாடறவனுக்கு அது அந்த மாசத்து டேட்டா முழுக்க.

ஓட்டு போட்டு முடிவெடுக்கலாம்னு எங்காளு ஒருத்தன் சொன்னான். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்ங்கற ஆன்லைன் கேம்ல அப்பிடித்தான், புது விஷயம் பெரும்பாலும் வெளாடறவங்க ஓட்டு போட்டு ஒத்துக்கிட்டாதான் உள்ள வரும், ஆரம்பத்துல 75 சதவீதம் வேணும்னு வெச்சிருந்தாங்க, பின்னாடி 70 ஆக்கினாங்க. அந்த கேம் பொறந்ததே இந்த சண்டைலதான், 2012ல சண்ட போடற முறையவே மாத்தி ஒரு அப்டேட் விட்டாங்க, ஆளுங்க கடுப்பாகி கெளம்ப ஆரம்பிச்சாங்க, 2013ல கம்பெனி 2007 வருஷத்து பழைய பேக்கப்ப எடுத்து தனி கேமா தொறந்து விட்டுச்சு. லட்சக்கணக்குல ஆளு இருக்கற எடத்துக்கு ஓட்டு சரி. ஏழு பேருக்கு சரி வராது, ஏன்னா ஒவ்வொரு தடவையும் தோக்கறது அதே ரெண்டு பேராத்தான் இருக்கும். எங்க ரூல், ஒருத்தன் வர முடியலன்னாலும் வெள்ளிக்கெழம பழசுலதான் ஓடும்.

அடுத்தது, எந்த மாதிரி உடைக்குதுன்னு பாருங்க

எல்லா டிஎல்சியும் (எக்ஸ்பேன்ஷன் மாதிரி கேமுக்கு மேல தனியா எறக்கற எல்லாம்) ஒரே மாதிரி பிரிக்கறது இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி இத தெரிஞ்சிக்கிட்டா பாதி சண்ட கொறையும்.

ரொம்ப நல்ல வகை, ஹோஸ்ட் வெச்சிருந்தா போதும்ங்கற கேம். ஸ்டெல்லாரிஸ், க்ரூசேடர் கிங்ஸ் 3, ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 இதெல்லாம் பாரடாக்ஸ் கம்பெனி கேம், ரூம் தொறக்கறவன்கிட்ட டிஎல்சி இருந்தா உள்ள வர்ற எல்லாரும் அந்த ஆட்டத்துல அத வெளாடலாம். ஏழு பேரு கூட்டு போட்டு ஒருத்தன் பேருல வாங்குங்க, அவனையே எப்பவும் ஹோஸ்ட் ஆக்குங்க. ஒரே எச்சரிக்க, அந்த ஹோஸ்ட்டுக்கு கல்யாணம் ஆகப் போகுதுன்னா வேற ஆள பாத்துக்குங்க.

அடுத்தது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் வகை. சேர்ந்து வெளாட முடியும், ஆனா வாங்காதவன் அந்த புது நாட்ட எடுக்க முடியாது. 2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா வந்துச்சு, அதுவரைக்கும் இந்தியன்ஸ்னு ஒரே மூட்டையா கட்டி வெச்சிருந்தத பிரிச்சு, பழசுக்கு ஹிந்துஸ்தானீஸ்னு பேரு மாத்தி, திராவிடியன்ஸ், பெங்காலிஸ், குர்ஜராஸ்னு மூணு புதுசு குடுத்தாங்க. எங்க பசங்க பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிட்டாங்க, ராஜேந்திர சோழன் கேம்பெயின் வேற இருக்கு, சுருள்வாள் வீரன் இருக்கான், திரிசடைன்னு பெரிய கப்பல் இருக்கு, விடுவாங்களா. அப்ப லோரிக்காரன் மட்டும் வாங்கல, ஆனா அவன் வெளிய நிக்கல. அவன் பாட்டுக்கு பிரிட்டன்ஸ் எடுத்துக்கிட்டு வில்லுக்காரனுங்கள வரிசையா நிறுத்தி எங்க மூணு சோழனையும் அடிச்சி அனுப்பினான். இந்த வகைல சண்ட வராது, கிண்டல்தான் வரும், அது நல்லதுதான். ஆனா அதே கேம்ல 2023ல வந்த ரிட்டர்ன் ஆஃப் ரோம் வேற கதை, பழைய மொத பாகத்த தனி மோடா கொண்டு வந்து வெச்சாங்க, வந்த புதுசுல அந்த மோட சேர்ந்து வெளாடணும்னா எல்லார்கிட்டயும் இருக்க வேண்டியிருந்துச்சு. ஒரே கேம், ரெண்டு டிஎல்சி, ரெண்டு விதம். அதனால கேம் பேர பாத்து நம்பாதீங்க, ஒவ்வொன்னையும் தனித்தனியா விசாரிங்க.

மூணாவது, மேப்ப காசுக்கு விக்கறது. இதுதான் ரொம்ப மோசம். பேட்டில்ஃபீல்ட் 4ல சைனா ரைசிங்லேர்ந்து ஃபைனல் ஸ்டாண்ட் வரைக்கும் அஞ்சு பேக், நல்லா வெளாடிக்கிட்டே இருப்போம், சர்வர் அடுத்த மேப்புக்கு மாறும், அந்த பேக் இல்லாதவன தூக்கி வெளிய போட்டுடும். கொஞ்ச நாள்ல என்ன ஆகும்னா, வாங்கினவனுங்களுக்கும் ஆளு பத்தாது, அவனுங்க காசு குடுத்து வாங்கின மேப் காலியா கெடக்கும். இத கம்பெனிக்காரனுங்களே புரிஞ்சிக்கிட்டானுங்க, 2016ல டைட்டன்ஃபால் 2 மேப்ப ஃப்ரீயா விட்டுச்சு, 2017ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 சீசன் பாஸ (எல்லா பேக்குக்கும் மொத்தமா காசு வாங்கறத) தூக்கிச்சு, 2018ல பேட்டில்ஃபீல்ட் 5ம் அதே. மேப் ஃப்ரீ ஆச்சு, காச ஸ்கின்லயும் (ஆளுக்கும் துப்பாக்கிக்கும் போடற வேஷம்) பெட்டிலயும் (உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வாங்கற லூட் பாக்ஸ்) எடுக்க ஆரம்பிச்சாங்க, பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்த புதுசுல அந்த பெட்டிக்கு விழுந்த திட்டு ஒலகம் பூரா தெரியும். என்னக் கேட்டா ஸ்கின் எவ்ளோ வேணா வித்துக்கட்டும், என் கூட்டாளிய வெளிய நிறுத்தாத வரைக்கும் எனக்கு ஒன்னும் இல்ல.

நாலாவது, லெவல் ஏத்தறது. வேர்ல்ட் ஆஃப் வார்க்ராஃப்ட்ல 2007 ஜனவரில பர்னிங் க்ரூசேட் எக்ஸ்பேன்ஷன் வந்தப்ப உச்ச லெவல் 60 இருந்தது 70 ஆச்சு. மாசக்கணக்கா 40 பேரு சேர்ந்து ரெய்டு போய் எடுத்த ஐட்டத்த விட புது எடத்துல மொத நாளு கெடைக்கற சாதாரண பச்ச கலரு ஐட்டம் நல்லா இருந்துச்சு. இது காசு பிரச்சன இல்ல, நேரப் பிரச்சன. ஓடி பாக்கறவனும் ரெண்டு கொழந்த வெச்சிருக்கறவனும் எப்பவும் பின்னாடியேதான் ஓடணும். 2021ல க்ளாசிக்ல (அதே கேமோட பழைய காலத்து பதிப்பு) திரும்ப அதே எக்ஸ்பேன்ஷன் வந்தப்ப, பழசுலயே இருக்கலாம் இல்ல புதுசுக்கு போலாம்னு வழி விட்டாங்க, நல்ல யோசனதான், ஆனா ஒரே கேரக்டர் ரெண்டு பக்கமும் வேணும்னா காப்பி எடுக்க 35 டாலர்னாங்க, ஆளுங்க கத்தின கத்துல 15க்கு எறக்கினாங்க.

உங்க கேங்ல சிஃப்ட் வேலக்காரங்க இருந்தா லெவல் ஏறாத கேமா எடுங்க. கில்ட் வார்ஸ் 2 2012ல வந்ததுலேர்ந்து 80தான் உச்சம், எத்தன எக்ஸ்பேன்ஷன் வந்தும் அந்த நம்பர் ஏறல, ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பி வந்தாலும் பழைய ஐட்டத்தோட நிக்கலாம். ஃபைனல் ஃபேன்டசி 14ல லெவல் சிங்க் இருக்கு, பெரிய ஆளு சின்ன டஞ்சனுக்குள்ள போனா தானா எறங்கி போவான், அதனால புதுசா வர்றவன் கூட சேர்ந்து வெளாடலாம்.

அஞ்சாவது, வெர்ஷன் பிரச்சன, அதாவது ஒருத்தன் கேம் அப்டேட் ஆகி இன்னொருத்தனது ஆகாம நிக்கறது. இதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும்.

சிசில (சைபர் கஃபே) இந்த தொல்லையே இல்ல

டவுன்ல ஒரு கடைக்கு மேல்மாடில சிசி இருந்துச்சு, ஒரு மணி நேரம் 2 வெள்ளி (ரிங்கிட்), ஃபேன் சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறது கேக்காது. அங்க டோட்டா ஓடும், அது வார்க்ராஃப்ட் 3 கேமுக்குள்ள போட்டு வெளாடற ஒரு மேப். டோட்டாக்கு வார்க்ராஃப்ட் 3 பத்தாது, 2003ல வந்த ஃப்ரோஸன் த்ரோன் எக்ஸ்பேன்ஷனும் வேணும், ஒரிஜினலா இல்லையான்னு நாங்க கேட்டதில்ல, தவுக்கே (கடை மொதலாளி) சொன்னதும் இல்ல. புது மேப் வந்தா தவுக்கே ராத்திரி கடைய சாத்திட்டு பென்ட்ரைவ எடுத்துக்கிட்டு ஒவ்வொரு பிசியா காப்பி பண்ணுவாரு. காலைல போனா எல்லா மெசினும் ஒரே வெர்ஷன். யோசிச்சு பாத்தா அப்ப எங்களுக்குள்ள யாரு வீட்டுல காசு இருக்கு யாரு வீட்டுல இல்லன்னு கேமுக்குள்ள தெரியவே தெரியாது, ஏன்னா மெசின் யாரோடதும் இல்ல. வீட்டுக்கு வீடு லைன் வந்தப்புறம்தான் ஒருத்தனுக்கு ஒரு வெர்ஷன். ஆன்லைன்ல அதே டோட்டா லாபில பேருக்கு பக்கத்துல மேப் டவுன்லோட் பர்சன்ட் ஓடும், தோட்டத்து வீட்டுக்காரன் 12ல நிப்பான், ஹோஸ்ட் பொறும இல்லாம தூக்கிடுவான். அவன் பேரு இருந்த எடத்துல வேற எவனோ ஒரு ஆளு வந்து உக்காந்துடுவான்.

அதனால நாங்க இப்ப பண்றது தவுக்கே வேலதான், வேற ஒன்னும் இல்ல.

ஸ்டீம்ல (பிசி கேம் வாங்கி எறக்கற ஆப்) கேம ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டிஸ் போங்க, அப்டேட்ஸ்ல போய் கேம தொறக்கும்போது மட்டும் அப்டேட் பண்ற மாதிரி மாத்துங்க. அப்புறம் எல்லாரும் சரின்னு சொல்ற வரைக்கும் ப்ளே பட்டன தொடாதீங்க (சிங்கப்பூர்காரன் ஒரு தடவ தூக்கத்துல தொட்டுட்டான், அன்னிக்கு ராத்திரி அவன் மட்டும் மைக்ல பேசிக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டு இருந்தான்). அதே எடத்துல பீட்டாஸ்னு ஒரு பக்கம் இருக்கும், சில கேம்ல அங்க பழைய வெர்ஷன் எல்லாம் வரிசையா வெச்சிருப்பாங்க. ஃபேக்டோரியோல இருக்கு, பாரடாக்ஸ் கேம்லயும் இருக்கு. எல்லாரும் ஒரே நம்பர எடுத்தா முடிஞ்சது. ஃபேக்டோரியோல 2024 அக்டோபர்ல ஸ்பேஸ் ஏஜ் வந்தப்ப கூட, 2.0 அப்டேட் எல்லாருக்கும் ஃப்ரீ, எக்ஸ்பேன்ஷன்தான் காசு, ஸ்பேஸ் ஏஜ் போட்ட சர்வருக்குள்ள வர அத வாங்கியிருக்கணும், அதனால ஹோஸ்ட் அத ஆஃப் பண்ணிட்டு வெறும் 2.0ல ரூம் தொறந்தா யாரும் வெளிய நிக்க வேண்டியதில்ல.

மைன்க்ராஃப்ட் ஜாவாக்கு லான்ச்சர்ல இன்ஸ்டலேஷன்ஸ்ல போய் எந்த வெர்ஷன் வேணுமோ அத புதுசா போட்டுக்கலாம். 2016ல 1.9 வந்து கத்தி வீசறதுக்கு நடுவுல காத்திருக்கணும்னு மாத்தினப்ப, சண்ட போடறவங்க பாதி பேரு 1.8லயே உக்காந்துட்டாங்க, பல வருஷம் அசையல. உங்க சர்வர நீங்களே நடத்தறீங்கன்னா வியாவெர்ஷன்னு ஒரு ப்ளகின் இருக்கு, புது வெர்ஷன் வெச்சிருக்கறவன பழைய சர்வருக்குள்ள விடும், வியாபேக்வர்ட்ஸ் கூட போட்டா பழைய வெர்ஷன்காரனும் புது சர்வருக்குள்ள வரலாம். ஹேன்ட்போன்ல பெட்ராக் (மைன்க்ராஃப்டோட இன்னொரு பதிப்பு) வெச்சிருக்கறவன ஜாவா சர்வருக்குள்ள விட கீசர்னு ஒன்னு இருக்கு. ஆனா வேர்ல்ட புது வெர்ஷனுக்கு ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சிடுங்க, ஏத்தினத ஒழுங்கா எறக்க முடியாது, ரெண்டு வருஷம் கட்டின கோயில் கோபுரம் போச்சுன்னா என்கிட்ட வந்து அழாதீங்க.

டவுன்லோடுக்கு, ஃபைபர் இருக்கற ஒருத்தன் எறக்கி எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்ல போட்டு ஊருக்கு போகும்போது கொண்டு போகணும். ஸ்டீம்ஆப்ஸ்க்குள்ள காமன் ஃபோல்டர்ல கேம் இருக்கும், அத அப்பிடியே அவன் மெசின்ல அதே எடத்துல ஒட்டிட்டு இன்ஸ்டால் அமுக்குங்க, இருக்கற ஃபைல கண்டுபிடிச்சு கொறையறத மட்டும் எறக்கும். ரெண்டு பேரும் ஒரே வைஃபைல இருந்தா 2023லேர்ந்து ஸ்டீமே ஒரு மெசின்லேர்ந்து இன்னொன்னுக்கு மாத்தி குடுக்குது. நாங்க பெரும்பாலும் தோட்டத்து வீட்டு வாசல்லயே முடிச்சிடுவோம், அவங்கம்மா தே போட்டு குடுப்பாங்க, "இன்னுமாடா இந்த வெளாட்டு"ன்னு ஒரு பாட்டும் கெடைக்கும்.

மொபைல் கேமுக்கு இந்த வித்தை எதுவும் எடுபடாது. மொபைல் லெஜெண்ட்ஸ், பப்ஜி மொபைல் எல்லாம் அப்டேட் வந்தா போட்டே ஆகணும். செய்ய முடிஞ்சது ஒன்னே ஒன்னுதான், வியாழக்கெழமையே வைஃபை இருக்கற எடத்துல போட்டு வெச்சிடுங்க. ஸ்டோரேஜ் பத்தலன்னா குடும்ப குரூப்ல வந்து கெடக்கற காலை வணக்கம் வீடியோ எல்லாத்தையும் அழிங்க, அதுலயே ஒரு சீசன் எடம் கெடைக்கும்.

காசு விஷயம்

நாங்க எப்பவும் ஒரு சேல் பின்னாடிதான் ஓடறோம். ஜூன் கடைசிலயும் டிசம்பர் கடைசிலயும் ஸ்டீம்ல பெரிய சேல் வரும், பழைய டிஎல்சி நல்லா எறங்கும். சில கேம் எறங்கவே எறங்காது, ஃபேக்டோரியோ சேல் போடறதில்லன்னு கொள்கையாவே வெச்சிருக்கு, அதுக்கு காத்திருந்து பிரயோஜனம் இல்ல.

அவசரப்பட்டு வாங்கிட்டீங்க, மத்தவங்க வரலன்னு தெரிஞ்சிடுச்சுன்னா, 14 நாளுக்குள்ள, வாங்கினதுக்கு அப்புறம் அந்த கேம 2 மணி நேரத்துக்கு கம்மியா வெளாடியிருந்தா டிஎல்சிக்கும் காச திருப்பி கேக்கலாம். ஸ்டீம் ஃபேமிலில சேர்ந்துக்கலாம்னு யோசிக்காதீங்க, அது ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்கு, அதோட ஒரு காப்பிய ஒரு நேரத்துல ஒருத்தன்தான் வெளாடலாம், சேர்ந்து வெளாடறதுக்கு ஒதவாது. கிஃப்ட்ல ஒரு மொடக்கு இருக்கு, வெல கம்மியான நாட்டுலேர்ந்து வெல கூடுன நாட்டுக்கு அனுப்பினா ஸ்டீம் தடுக்கும், அதனால சிங்கப்பூர்காரன் நமக்கு அனுப்பறது சுலபம், நம்ம அவனுக்கு அனுப்பறது கஷ்டம். அவனுக்கு இந்த விளக்கம் சுத்தமா புடிக்கல.

கிஃப்ட் குடுக்கறதுலயும் பாத்து பண்ணுங்க. மில்லுக்காரனுக்கு நாங்க நேரா அனுப்பியிருந்தா வாங்கியிருக்க மாட்டான், அவன் அப்பிடி ஆளு. பொறந்தநாளுக்கு ஆளுக்கு கொஞ்சம் போட்டு அனுப்பினோம். அவன் பொறந்தநாளு வர்ற வரைக்கும் நாங்க நாலு பேரும் எக்ஸ்பேன்ஷன ஆஃப் பண்ணிட்டு பழசுலதான் வெளாடினோம், புதுச வெளாடியே ஆகணும்னு துடிக்கறவங்க செவ்வாக்கெழம தனியா வெளாடிக்குங்கன்னு சொல்லியாச்சு. மொத வாரம் செவ்வாக்கெழம நாலு பேரு வந்தானுங்க. மூணாவது வாரம் நான் மட்டும்.

இந்த வெள்ளிக்கெழம மில்லுக்காரனுக்கு நைட் சிஃப்ட், அதனால சனிக்கெழம 10.30க்கு மாத்தியிருக்கோம். லோரிக்காரன் கிள்ளான் போர்ட்லேர்ந்து திரும்ப லேட்டாகும்னு சொன்னான், அவனுக்கு ஒரு ஸ்லாட் தொறந்து வெக்கணும்.